கம்பிக்கு இடம் இருக்கிறதா? – கட்டுமானம்: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியவை: ‘பிம்’ என்கிறார்களே, அது எதற்கு? இத்தனை நாள் பிளானும் டேப்பும் வைத்துக் கட்டியது போதாதா? எங்கள் பொறியாளர் குழு பதில் சொல்கிறது.

உச்சிப்புளி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: 1,200 சதுர அடியில் தரைத்தள வீடு கட்டுகிறேன். பொறியாளர் ‘பிம் மாடல்’ செய்து தருகிறேன், அதற்குத் தனிக் கட்டணம் என்கிறார். கொத்தனாரோ, ‘பிளான் ஒண்ணு குடுங்க சார், மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்’ என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இருவர் சொல்வதிலும் பாதியைக் கேளுங்கள்.

ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் வரைந்த பிளானில் சுவர் என்பது இரண்டு கோடு. அது சுவர் என்று நமக்குத்தான் தெரியும், கணினிக்குத் தெரியாது. பிம் எனப்படும் கட்டடத் தகவல் மாதிரியில் அதே சுவர், தான் 9 அங்குலக் கனம், 10 அடி உயரம், இன்ன செங்கல், இன்ன பூச்சு, தன்னில் இரண்டு ஜன்னல் என்று எல்லா விவரத்தையும் கூடவே வைத்திருக்கும். ஒரு ஜன்னலை ஓர் அடி நகர்த்தினால் பிளான், முகப்பு, குறுக்குவெட்டு, ஜன்னல் பட்டியல் நான்கும் தானாக மாறிவிடும். பழைய முறையில் நான்கு தாளையும் ஆள்தான் திருத்தவேண்டும். மூன்றைத் திருத்திவிட்டு நாலாவதை மறப்பது எல்லா அலுவலகத்திலும் நடப்பது. லிண்டல் போட்டு, ஜன்னல் வந்து இறங்கிய பிறகுதான் அது வெளியே வரும்.

உங்கள் வீட்டுக்கு முழு மாதிரி தேவையில்லை. நாலு அறையில் நாலு தாள்; கவனமான ஆள் ஒருவர் உட்கார்ந்து ஒப்பிட்டுவிடலாம். அந்தக் கட்டணத்தை வேறு மூன்று தாளுக்குச் செலவழியுங்கள். ஒன்று, மாடிப்படியின் குறுக்குவெட்டு: மேலே பீம் வருமிடத்தில் தலைக்கு 7 அடிக்குக் குறையாமல் இருக்கிறதா என்று அதில்தான் தெரியும். இரண்டு, எல்லாக் குழாய்க்கும் மட்டம் போட்ட பிளம்பிங் வரைபடம். கழிவறை முதல் செப்டிக் டேங்க் வரை எத்தனை அங்குலம் இறங்குகிறது என்பது எண்ணாக எழுதப்பட்டிருக்க வேண்டும். மூன்று, கம்பி வளைப்புப் பட்டியல்.

கேட்காமலே ஒன்று சொல்கிறோம். கடலோரத்தில் ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் கிடுகிடுவென மேலே வரும். கட்டி முடித்துக் காலியாகக் கிடக்கும் சம்ப்பைக் கீழிருந்து தண்ணீர் தூக்கிவிடும். மழைக்காலத்தில் அதில் தண்ணீர் விட்டே வையுங்கள்.

தேவிபட்டினம், வாசகி: கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். வீடு கட்டுபவர் கலர் கலராக 3டி படம் அனுப்பி, ‘இதுதான் பிம்’ என்கிறார். உண்மைதானா?

படம் அழகாக இருப்பதற்கும் பிம்முக்கும் சம்பந்தம் இல்லை. முகப்புப் படம் என்பது பெரும்பாலும் வெறும் தோல். உள்ளே சுவரும் இருக்காது, பீமும் இருக்காது.

சோதிக்க ஒரு சுலபமான வழி. ‘மாடி உயரத்தை அரை அடி கூட்டினால் படிக்கட்டு என்ன ஆகும்? காட்டுங்கள்’ என்று கேளுங்கள். 3 மீட்டர் உயரத்துக்கு 150 மி.மீ. வீதம் 20 படி. 150 மி.மீ. கூட்டினால் 21 படி. ஒரு படி கூடினால் கால் வைக்கும் பலகை ஒன்று, சுமார் 250 மி.மீ., நீளத்தில் கூடும். அது ஹாலுக்குள் வரும், இல்லை கதவைத் தடுக்கும். உண்மையான மாதிரி என்றால் இதைக் கொஞ்ச நேரத்தில் திறந்து காட்டிவிடலாம். ‘இரண்டு நாள் ஆகும் மேடம்’ என்றால் அது படம்தான். இன்னொன்று, மாதிரியை ஐ.எஃப்.சி. கோப்பாகக் கேளுங்கள். எந்த நிறுவனத்து மென்பொருளில் செய்திருந்தாலும் எல்லோரும் திறக்கக்கூடிய பொது வடிவம் அது. இலவசப் பார்வைச் செயலிகளிலேயே திறக்கும். கணவர் அங்கிருந்தே சுற்றிப் பார்க்கலாம், டேப் பிடித்ததுபோல் அளந்தும் பார்க்கலாம்.

ராமேஸ்வரம், விடுதி உரிமையாளர்: தரைத்தளமும் மேலே மூன்று தளமுமாக 24 அறை விடுதி. ‘கிளாஷ்’ பார்த்துத் தருகிறோம் என்கிறார்கள். கிளாஷ் என்றால் என்ன? அதனால் எனக்கு என்ன மிச்சம்?

பிம்முக்குக் கொடுக்கும் பணம் திரும்பி வருவது இப்படிப்பட்ட கட்டடத்தில்தான். 24 அறை என்றால் 24 கழிவறை. ஒரு தவறு நடந்தால் 24 முறை நடக்கும்.

கட்டடக்கலை, கட்டமைப்பு, குழாய்–மின்சாரம் என்று மூன்று பேர் மூன்று மாதிரி செய்வார்கள். மூன்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, எது எதற்குள் புகுந்து போகிறது என்று மென்பொருளைத் தேடச் சொல்வதுதான் கிளாஷ், அதாவது மோதல், பார்ப்பது. பழைய முறையிலும் இது உண்டு. மூன்று டிரேசிங் தாளை வெளிச்சத்தில் அடுக்கிப் பார்ப்பார்கள். ஆனால் தாளில் உயரம் தெரியாது. பிளானில் குழாயும் பீமும் குறுக்கிட்டால், குழாய் பீமுக்குக் கீழே போகிறதா, பீமுக்குள்ளே போகிறதா என்று அந்தத் தாள் சொல்லாது.

உங்கள் விடுதியிலேயே வரக்கூடிய ஒன்றைப் பாருங்கள். கழிவறைத் தளம் 300 மி.மீ. தாழ்த்திப் போட்டது. டபிள்யூ.சி. எனும் கழிவறைக் கோப்பையிலிருந்து 110 மி.மீ. குழாய் 4.2 மீட்டர் ஓடி, குழாய்கள் மேலிருந்து கீழே இறங்கும் ஷாஃப்டுக்குப் போகிறது. 60க்கு 1 என்ற சரிவில் அது 70 மி.மீ. இறங்கும். குழாயும் சரிவும் சேர்ந்து 180. அடியில் படுக்கை, மேலே டைல் படுக்கை எல்லாம் சேர்த்தாலும் 300க்குள் அடங்குகிறது. தாளில் எல்லாம் சரி. ஆனால் கழிவறைக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் 230க்கு 450 பீம் ஒன்று போகிறது. குழாய் அதைத் துளைத்துத்தான் போகவேண்டும்.

தளம் போட்ட பிறகு பிளம்பர் வருவார், கான்கிரீட்டைத் துளைக்கும் கோர் மெஷினை வைப்பார், பீமின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ஸ்டிரப் கம்பி இரண்டு அறுபடும். கடலோரம் அல்லாத ஊர் என்றால் பலவீனத்தோடு போகும். ராமேஸ்வரத்தில் அறுத்த கம்பியின் முனை உப்புக்காற்றுக்குத் திறந்த வாசல். துரு அங்கே தொடங்கிப் பீம் நெடுகப் போகும்.

முன்னரே தெரிந்தால் இரண்டு வழி. பீமின் ஆழத்தை மூன்றாகப் பிரித்தால் நடுப்பாகம் மேலிருந்து 150 முதல் 300 மி.மீ. வரை. அதற்குள் அடங்குமாறு குழாய் நுழைவதற்கான 140 மி.மீ. உறை (ஸ்லீவ்) ஒன்றை, தூணை ஒட்டி இல்லாமல் தள்ளி, கான்கிரீட் போடும் முன்பே கட்டிவிடலாம். இரு பக்கமும் கூடுதல் ஸ்டிரப். இடத்தையும் ஸ்டிரப்பையும் கட்டமைப்புப் பொறியாளர்தான் தீர்மானிக்கவேண்டும், பிளம்பர் அல்ல. இரண்டாவது வழி இன்னும் நல்லது: ஷாஃப்டைப் பீமுக்கு இந்தப் பக்கம் இழுத்துவிடுவது. மாதிரியில் அது சில நிமிட வேலை.

மென்மோதல் என்று ஒன்றும் உண்டு. பொருள் பொருளை இடிக்காது, ஆனால் தேவையான இடைவெளி இருக்காது. ஷாஃப்டுக்குள் கை நுழையாமை, ஏ.சி. வெளி யூனிட்டைக் கழற்ற இடமில்லாமை எல்லாம் இதில் சேரும். உங்கள் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. புதிய பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதி 72.5 மீட்டர் நீளம், 17 மீட்டர் மேலே எழும்பும். அது படுத்திருக்கும் இடம் மட்டும் காலியாக இருந்தால் போதாது. எழும்பும் வழி முழுக்கக் காலியாக இருக்கவேண்டும். உங்கள் விடுதியில் லிஃப்ட் கதவுக்கும் இதே கணக்குத்தான்.

ஓர் எச்சரிக்கை. முதல் அறிக்கையில் நூற்றுக்கணக்கில் மோதல் வரும். பயந்துவிடாதீர்கள். ஒரே குழாய் 24 அறையிலும் இடிப்பது 24 ஆக எண்ணப்பட்டிருக்கும். வயர் பைப் பூச்சுக்குள் போவதும் மோதலாக வந்திருக்கும். வரிசை முக்கியம். முதலில் கட்டமைப்புக்கும் கழிவுக்குழாய்க்கும் பாருங்கள், ஏனென்றால் கழிவுக்குழாய் சரிவில்தான் போகும், மேலேறிச் சுற்றிப் போக அதற்கு வழியில்லை. அடுத்து ஏ.சி. டக்ட், தீயணைப்புக் குழாய், குடிநீர்க் குழாய். மின்சாரக் குழாய் எங்கும் வளையும், கடைசியில் பார்த்தால் போதும். இந்த வரிசையைக் கேட்டுப் பாருங்கள்; தெரியாமல் விழிப்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

மண்டபம், ஒப்பந்தக்காரர்: கடலோரத்தில் கவர், அதாவது கம்பிக்கு வெளியே கான்கிரீட் கனம், 45 மி.மீ. விடவேண்டும் என்கிறார்கள். நாங்கள் 25 விட்டுத்தான் பழக்கம். அவ்வளவு விட்டால் கம்பி உள்ளே கொள்ளவில்லை என்று கம்பி கட்டுகிறவர்கள் சொல்கிறார்கள். மாதிரியில் இதற்குத் தீர்வு உண்டா?

இந்த மாதம் வந்ததிலேயே நல்ல கேள்வி. கம்பி கட்டுகிறவர்கள் சொல்வது முழுக்க உண்மை.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதிநூல் ஐ.எஸ். 456 கடலோரச் சூழலைக் ‘கடுமை’ வகையில் வைக்கிறது. குறைந்தது எம்30 தரக் கான்கிரீட், நீர்–சிமெண்ட் விகிதம் 0.45க்கு மிகாமல், கனமீட்டருக்குக் குறைந்தது 320 கிலோ சிமெண்ட், கவர் 45 மி.மீ. கடல்நீர்த் திவலையே வந்து அடிக்கும் இடம் என்றால் ‘மிகக் கடுமை’: எம்35, கவர் 50. இந்தக் கவர் பெரிய கம்பியிலிருந்து அல்ல, ஸ்டிரப்பின் வெளிமுகத்திலிருந்து அளக்கவேண்டியது. பலர் தவறுவது இங்கேதான்.

இப்போது 230 மி.மீ. அகல பீமில் அடியில் நான்கு 20 மி.மீ. கம்பி என்று வரைபடத்தில் இருக்கிறது. ஸ்டிரப் 8 மி.மீ. கவர் 25 என்றால், இரு பக்கக் கவர் 50, ஸ்டிரப் 16 போக மிச்சம் 164. நான்கு கம்பிக்கு 80. மீதி 84ஐ மூன்று இடைவெளிக்குப் பிரித்தால் ஒவ்வொன்றும் 28. ஜல்லி 20 மி.மீ. என்றால் குறைந்தது 25 இடைவெளி வேண்டும், சரியாக இருக்கிறது. கவர் 45 ஆக்குங்கள். 230 கழித்தல் 90 கழித்தல் 16, மிச்சம் 124. கம்பி 80 போக 44. மூன்றாகப் பிரித்தால் 15கூட இல்லை. 20 மி.மீ. ஜல்லி அதற்குள் இறங்காது. வேலை நடக்கும் இடத்தில் அப்போது என்ன நடக்கும்? ஸ்டிரப்பைப் பெரிதாக வளைப்பார்கள், கவர் அளவுக்குக் கம்பியைத் தள்ளி நிறுத்தும் கவர் பிளாக்கை எடுத்துவிடுவார்கள். வரைபடத்தில் 45, பீமில் 20. அல்லது கவரை 45 ஆகவே வைத்துக் கம்பிகளை ஒட்ட வைப்பார்கள். அடியில் ஓட்டை ஓட்டையாகத் தேன்கூடு விழும். இரண்டுமே கடைசியில் கம்பிக்குத் துருவைத்தான் கொண்டுவரும்.

ஆக, தவறு கம்பி கட்டுகிறவரிடம் இல்லை. கடலோரம் அல்லாத ஊரின் கவரை மனதில் வைத்துப் பீம் அகலத்தைத் தீர்மானித்துவிட்டு, பொதுக் குறிப்பில் மட்டும் ‘கவர் 45’ என்று ஒரு வரி போட்டவரிடம் இருக்கிறது. தாளில் அந்த வரியும் பீம் படமும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை.

மாதிரியில் சந்திக்கவைக்கலாம். ஆனால் தானாக நடக்காது. மென்பொருளில் முன்னிருப்பாக ஒரு கவர் இருக்கும். அது மண்டபத்துக்காக வைத்தது அல்ல. திட்டம் தொடங்கும் அன்றே பீம், தூண், தளம், அடித்தளம் நான்குக்கும் கவரைத் தனித்தனியே மாற்றச் சொல்லுங்கள். பிறகு, எல்லாக் கம்பியையும் மாதிரியில் வரைவது வீண் செலவு. நெரிசல் வரும் இடங்களை மட்டும், அதாவது பீம்கள் நாலு பக்கமும் வந்து சேரும் தூண் தலைகளை மட்டும், ஒவ்வொரு வகைக்கும் ஒன்றாக முழுக் கம்பியோடு வரையச் சொல்லுங்கள். ஐந்தாறு வகைதான் இருக்கும்.

தீர்வு என்ன? அகலத்தை 300 ஆக்கினால் 300 – 90 – 16 = 194; கம்பி போக 114; இடைவெளி 38. வைப்ரேட்டர் ஊசியும் இறங்கும். பீம் சுவரைவிட அகலமாகத் துருத்தும் என்று வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். அப்படியானால் கம்பியை இரண்டு வரிசையாக வைக்கலாம், ஆனால் பொறியாளர் மறுபடி கணக்குப் போட்டாகவேண்டும். தளத்துக்கும் இதே பிரச்சினை உண்டு: 125 மி.மீ. தளத்தில் 45 கவர், 10 மி.மீ. கம்பி என்றால் பயன்படும் ஆழம் 75 மட்டுமே. 150 ஆக்குவதுதான் வழி. எம்35 அல்லது அதற்கு மேல் போட்டால் ‘கடுமை’ வகையில் 5 மி.மீ. குறைத்துக்கொள்ளலாம் என்று அதே விதிநூல் சொல்கிறது.

இதெல்லாம் செய்துவிட்டு, கவர் பிளாக்கைத் தளத்திலேயே மணலும் சிமெண்டும் பிசைந்து வார்த்தால் பயனில்லை. பிளாக் பீமைவிட நொய்வாக இருந்தால் உப்பு அந்த வழியாகவே நுழையும். பீம் கான்கிரீட்டின் தரத்திலேயே செய்த பிளாக் வேண்டும். மீட்டருக்கு ஒன்று.

தண்ணீரையும் சோதியுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. கடலோர போர் தண்ணீர் பல இடங்களில் இதில் தேறாது. வாயில் வைத்துப் பார்த்து ‘கரிப்பு இல்லை’ என்று முடிவு செய்யவேண்டாம், ஆய்வகத்தில் கொடுங்கள். தளத்துக்கு நீர் ஆற்றுவதற்கும் அதே நல்ல தண்ணீர்தான். இதை எந்த மாதிரியும் உங்களுக்கு நினைவுபடுத்தாது.

கீழக்கரை, ஒப்பந்தக்காரர்: மாதிரியிலிருந்து எடுத்த அளவுப் பட்டியலும் நான் கையால் போட்ட பட்டியலும் ஒத்துப்போகவில்லை. உரிமையாளர் கணினியைத்தான் நம்புகிறார். எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன.

கணினி தருவது வடிவத்தின் நேரடி அளவு. நீங்கள் போடுவது, கட்டட வேலைகளை அளப்பதற்கான இந்தியத் தர விதிநூல் ஐ.எஸ். 1200 சொல்லும் அளவை முறை. பணம் கொடுப்பது அதன்படிதான். பூச்சை எடுத்துக்கொள்ளுங்கள். இரு முகத்துக்கும் ஒரே பூச்சு என்றால், அரை சதுர மீட்டருக்கு மேல் 3 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்கு ஒரு முகத்தை மட்டும் கழிக்கவேண்டும். அதற்கு ஈடாக ஓரப் பூச்சைக் கூட்டக்கூடாது. கணினி இரு முகத்தையும் கழித்துவிடும். 1.2க்கு 1.2 மீட்டர் ஜன்னல் 1.44 சதுர மீட்டர். 20 ஜன்னலுக்கு 28.8 சதுர மீட்டர், அதாவது 310 சதுர அடி உங்கள் பில்லில் குறையும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. தளமும் பீமும் ஒன்றோடொன்று இணைக்கப்படாமல் வரையப்பட்டிருந்தால் கணினி இரண்டையும் முழுசாக எண்ணும். 230 மி.மீ. பீமுக்கு மேல் 125 மி.மீ. தளம்: மீட்டருக்கு 0.02875 கனமீட்டர் இரட்டைக் கணக்கு. 150 மீட்டர் பீமுக்கு 4.3 கனமீட்டர். கனமீட்டருக்கு 320 கிலோ வீதம் பார்த்தால் 27 மூட்டை சிமெண்டுக்கு மேல். கையால் அளக்கிற எவரும் பீம் ஆழத்தில் தளத்தைக் கழித்தே எழுதுவார்கள். அந்தப் பழக்கம் மாதிரி வரைகிற பையனுக்கு இருக்கவேண்டும்.

கம்பிக்கு மாதிரியை நம்பவே வேண்டாம், கம்பி தனியே வரையப்பட்டிருந்தால் தவிர. ‘கனமீட்டருக்கு இத்தனை கிலோ’ என்று குத்துமதிப்பாகப் போட்டிருப்பார்கள். 16 மி.மீ. கம்பிக்கு லேப், அதாவது கம்பியோடு கம்பி சேர்த்துக் கட்டும் நீளம், விட்டத்தைப்போல் 50 மடங்கு என்று வரைபடம் சொன்னால் ஒரு லேப் 800 மி.மீ. எடை மீட்டருக்கு 1.58 கிலோ என்பதால் 1.26 கிலோ. எட்டுக் கம்பித் தூணுக்குத் தளத்துக்கு 10 கிலோ. 20 தூண், 4 தளம் என்றால் லேப் மட்டுமே 800 கிலோ. ஒப்பந்தம் போடும்போதே மாதிரி எந்த விவர அளவில் என்று எழுதிக்கொள்ளுங்கள். எல்.ஓ.டி. எனப்படும் அந்த விவர அளவு 300 என்றால் பீம், சுவர் அளவுகள் சரியாக இருக்கும், கம்பி இருக்காது. கம்பியை வெட்டி வளைக்கும் அளவு விவரம் 400இல்தான் வரும். ‘பில் ஐ.எஸ். 1200 முறைப்படி’ என்ற ஒரு வரியையும் மறக்காதீர்கள்.

தொண்டி, கல்யாண மண்டபம் கட்டுபவர்: 4டி என்று ஒரு வீடியோ காட்டினார்கள். கட்டடம் தானாக எழும்புகிறது. வேலைகளின் கால அட்டவணையான பார் சார்ட்டைவிட இது மேலா?

மாதிரியின் ஒவ்வொரு பாகத்துக்கும் தேதி ஒட்டினால் 4டி. அவ்வளவே. அதில் ஓர் உண்மையான பயன் உண்டு: பார் சார்ட்டில் தெரியாத இட நெருக்கடி தெரியும். முட்டுக்கொடுத்த ஹாலுக்குள் டைல் வேலை எப்படி நடக்கும் என்று பார்த்தவுடனே புரியும். மற்றபடி, தேதி தப்பானால் வீடியோவும் தப்பு.

உங்கள் மண்டபத்தில் பார்க்கவேண்டியது முட்டு. ஐ.எஸ். 456இன்படி சாதாரண சிமெண்டில் 4.5 மீட்டருக்கு மேற்பட்ட தளத்துக்கு 14 நாள், 6 மீட்டருக்கு மேற்பட்ட பீமுக்கு 21 நாள் முட்டு நிற்கவேண்டும். கடலோரத்துக்காக உலைக்கசடு கலந்த ஸ்லாக் சிமெண்டோ சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டோ போட்டால் இன்னும் சில நாள் கூட்டுங்கள். அவை மெதுவாகத்தான் இறுகும். வீடியோவில் 10ஆம் நாள் சென்ட்ரிங் பிரிந்தால் நிறுத்திக் கேளுங்கள்.

பெரிய தளத்தை அக்டோபர் நடுவில் வைக்காதீர்கள். ஆனி, ஆடிக் கச்சான் காற்றில் போடுவதானால் அதிகாலையில் தொடங்கி, தேய்த்து முடித்த இடத்தை உடனுக்குடன் ஈரச்சாக்கால் மூடுங்கள். காற்று மேல் ஈரத்தை உறிஞ்சி, தளம் இறுகும் முன்பே வெடிப்பு விடும்.

சாயல்குடி, தளக் கண்காணிப்பாளர்: மாதிரியில் எல்லாம் பொருந்துகிறது. தளத்தில் பீம் மட்டம் 50 மி.மீ. தப்பியது. எங்கே பிழை?

சரியாக 50 என்றால், பெரும்பாலும் பூஜ்ஜியத்தில். கட்டடக்கலை ஆள் டைல் போட்ட தரையை 0.00 என்று வைத்திருப்பார். கட்டமைப்பு ஆள் கான்கிரீட் மேல்மட்டத்தை 0.00 என்று வைத்திருப்பார். நடுவில் இருப்பது டைலும் படுக்கையும், அதுதான் உங்கள் 50. இரண்டு மாதிரியும் தனித்தனியே சரி, சேர்த்தவர்தான் கவனிக்கவில்லை. ஒரே மூலப்புள்ளி, ஒரே மட்டம் என்று முதல் நாளே எழுதி, அதைத் தளத்தில் அசையாத ஓர் இடத்தில் பெயின்டால் குறித்துவிடுங்கள்.

மாதிரியை மொபைலில் வைத்துக்கொண்டு வேலை வாங்காதீர்கள். உச்சி வெயிலில் திரை தெரியாது, கம்பி கட்டுகிறவர் கையில் கம்பி வளைக்கும் சாவி இருக்கும். ஒவ்வொரு தளத்துக்கும் ஏ3 தாளில் அச்சடித்து, திருத்த எண்ணைப் பெரிதாகப் போடுங்கள். புதிய தாள் வந்ததும் பழையதைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள். இரண்டு திருத்தம் ஒரே தளத்தில் உலவுவதைவிட மாதிரியே இல்லாமல் கட்டுவது மேல். மாதிரியில் மூலை 90 டிகிரி. தரையில் 3–4–5 அளவு முக்கோணம் போட்டு நூல் பிடித்தால்தான் 90 டிகிரி. டியூப் லெவலுக்கும் தூக்குக்குண்டுக்கும் இன்னும் வேலை இருக்கிறது.

ராமநாதபுரம், பாலிடெக்னிக் மாணவர்: பிம் கற்க எந்த மென்பொருள்? வேலை கிடைக்குமா?

ரெவிட் தெரிந்தவர்களைத்தான் அதிகம் தேடுகிறார்கள். கம்பி, இரும்பு வேலைக்கு டெக்லா. பணம் கட்டி வகுப்புக்குப் போகும் முன் இலவச ஃப்ரீகேடில் ஒரு வீட்டை வரைந்து, பிடிக்கிறதா என்று பாருங்கள். அரசுப் பணம் போடும் கட்டடங்களுக்குப் பிரிட்டன் 2016 ஏப்ரலிலேயே பிம்மைக் கட்டாயமாக்கிவிட்டது. வளைகுடாவிலும் பெரிய திட்டங்களில் கேட்கிறார்கள். தகவலை யார், எப்போது, எப்படிக் கைமாற்றுவது என்பதற்கான ஐ.எஸ்.ஓ. 19650 தரநிலையை ஒருமுறையாவது படித்துவையுங்கள், நேர்முகத்தில் கேட்பார்கள்.

ஆனால் மென்பொருள் தெரிந்து கட்டடம் தெரியாத ஆள் இப்போதே நிறைய. சின்ன வீடு ஒன்றின் கம்பிப் பட்டியலைக் கையால் போடுங்கள். 12 மீட்டர் கம்பியில் எத்தனை துண்டு வரும், மிச்சத் துண்டு எதற்கு ஆகும் என்பதுவரை எழுதுங்கள். அதே வீட்டை மாதிரியில் செய்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்த ஒவ்வொரு இடத்திலும் காரணத்தைக் கண்டுபிடித்து எழுதிய நோட்டை நேர்முகத்துக்கு எடுத்துப் போங்கள்.

ஏர்வாடி, வாசகர்: தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் காரை வீடு. இடிக்காமல் புதுப்பிக்க விரும்புகிறோம். லேசர் ஸ்கேன் செய்து மாதிரி எடுக்கவேண்டுமா?

ஒரு வீட்டுக்கு அந்தச் செலவு வேண்டாம். ஒவ்வொரு அறையிலும் நாலு சுவரோடு இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து எழுதுங்கள். பழைய வீட்டில் அவை இரண்டும் சமமாக இருக்காது. வரைகிறவர் ‘நேராக்கி’ 90 டிகிரியாகப் போட்டுவிட்டால் புதிய கதவும் அலமாரியும் பொருந்தாது; கோணலைக் கோணலாகவே வரையச் சொல்லுங்கள். சுவர்க் கனத்தை ஒவ்வொரு கதவு நிலையிலும் தனித்தனியே அளக்கவும். புதிய பூச்சும் சுண்ணாம்பிலேயே இருக்கட்டும். சிமெண்ட் பூசினால் சுவருக்குள் இருக்கும் ஈரமும் உப்பும் வெளியேற வழியில்லாமல் காரையை உள்ளிருந்தே உதிர்க்கும்.